கேள்வி பதில்: அமெரிக்கத் தொழிலாளர்களும் விவசாயிகளும் போராடிய காலம்

கேள்வி: சார், மே தினம் சிகாகோவில் பிறந்தது என்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் தொழிலாளர் தினம் செப்டம்பரில்தானே வருகிறது?

பதில்: ஆமாம். 1886 மே 1 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டு நாடெங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. மே 3 அன்று சிகாகோ மெக்கார்மிக் ஆலை வாசலில் போலீஸ் சுட்டது. அதைக் கண்டித்து மறுநாள் ஹேமார்க்கெட்டில் கூடிய கூட்டத்தில் குண்டு வெடித்தது. வீசியது யாரென்று இன்றுவரை தெரியாது. இருந்தும் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்று சொல்லி, நால்வரைத் தூக்கில் போட்டார்கள். ஒருவர் சிறையிலேயே இறந்துபோனார். மிச்சமிருந்த மூவரை 1893-இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுவித்தார். விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று எழுத்திலேயே சொன்னார். அந்தத் துணிச்சலுக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

செப்டம்பர் விடுமுறையை 1894-இல் மத்திய அரசு சட்டமாக்கியது. சென்னையில் 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடியது மே 1-ஐத்தான்.

கேள்வி: விவசாயிகளுக்கு என்ன பிரச்சினை? அங்கேதான் நிலம் ஏராளமாக இருந்ததே?

பதில்: நிலம் இருந்தது, கையில் காசு இல்லை. தெற்கே பருத்தி விவசாயி விதை, உரம், மளிகை எல்லாவற்றையும் ஊர்க் கடைக்காரரிடம் கடனாக வாங்குவார். அதற்கு ஈடு, இன்னும் விளையாத வெள்ளாமை. கடனுக்கு வாங்கினால் விலையும் கூடுதல், வட்டியும் உண்டு. அப்புறம் பருத்தி விலை விழுந்தது: 1870-களின் தொடக்கத்தில் பவுண்டு 10 சென்ட்டுக்கு மேல் விற்றது, 1894-இல் 6 சென்ட்டுக்கும் கீழே போனது. கடன் மட்டும் குறையவில்லை. மேற்கே கோதுமை விவசாயியை ரயில் கட்டணம் பிழிந்தது.

அரசே கிடங்கு கட்டி, விளைச்சலை வைத்துக்கொண்டு மதிப்பில் 80 சதவீதம் வரை கடன் கொடுக்கட்டும் என்று, விவசாயிகள் சேர்ந்து அமைத்த ‘விவசாயிகள் கூட்டணி’ என்ற சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான மக்கூன் ஒரு திட்டம் கொடுத்தார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த யோசனை இதுதான் என்பேன். நாடாளுமன்றம் ஏற்கவில்லை.

கேள்வி: கறுப்பின விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டார்களா?

பதில்: இல்லை. அவர்களுக்கு 1886-இல் டெக்சாஸில் தனிக் கூட்டணி உருவானது. 1891-இல் பருத்தி எடுப்பவர்கள் கூலி உயர்வு கேட்டபோது, வெள்ளையர் கூட்டணித் தலைவர்களே எதிர்த்தார்கள். அவர்களில் பலர் கூலி கொடுக்கும் நிலக்காரர்கள். ஆர்கன்சாஸில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். இந்த இயக்கத்தை நேசிப்பவர்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கேள்வி: தொழிலாளரும் விவசாயியும் ஒன்றாக நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்களே, அண்ணா?

பதில்: முயன்றார்கள். 1892-இல் ஒமாஹாவில் கூடிய மக்கள் கட்சி இருவரின் கோரிக்கைகளையும் சேர்த்தே எழுதியது. அதன் ஜனாதிபதி வேட்பாளர் வீவருக்கு 10 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. ஆனால் விவசாயிக்கு விளைபொருள் விலை ஏற வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு ரொட்டி விலை ஏறக் கூடாது. 1896-இல் ஜனநாயகக் கட்சியின் பிரையனை மக்கள் கட்சியும் ஜனாதிபதி வேட்பாளராக ஏற்றது. தங்கத்தோடு வெள்ளியையும் தாராளமாக நாணயமாக்கினால் பணப்புழக்கம் கூடும், விலை ஏறும் என்ற கோரிக்கையை முன்வைத்து அவர் நின்றபோது தொழில் நகரங்கள் அவரைக் கைவிட்டன.

கேள்வி: அப்போ எல்லாமே தோல்விதானா?

பதில்: கட்சி தோற்றது. ஆனால் அது கேட்ட வருமான வரிக்கும், செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுப்பதற்கும் 1913-இல் அரசியல் சட்டத் திருத்தங்கள் வந்தன. எட்டு மணி நேரம் 1916-இல் ரயில்வே ஊழியர்களுக்குக் கிடைத்தது. வேலை நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் 1938-இல் நாடு தழுவிய சட்டம் வந்தது. அதில் விவசாயக் கூலிகளைச் சேர்க்கவில்லை.