காட்டுத் தடத்துக்கு எந்த ஏடிவி? சிசியை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: நண்பரின் ஏடிவியை (கரடுமுரடான தடங்களில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) நாலைந்து முறை ஓட்டியிருக்கிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. என் எடை 64 கிலோ, உயரம் ஐந்தரை அடி. ஓட்டப்போவது வார இறுதிகளில், காட்டுத் தடங்களில்தான்: பாறை, மரவேர், வழியில் இரண்டு மூன்று ஓடைகள். பெரும்பாலும் தனியாகப் போவேன்; சில நாள் மனைவியும் வருவார். விற்பவர் "850 சிசி எடுங்கள், பின்னால் வருத்தப்பட மாட்டீர்கள்" என்கிறார். அவ்வளவு தேவையா? புதிதாக வாங்கலாமா, பழையது போதுமா?

பதில்: தேவையில்லை. 400 முதல் 570 சிசிக்குள், நான்கு சக்கரமும் இழுக்கும், முன்னும் பின்னும் சாமான் தட்டுள்ள யூட்டிலிட்டி வகை வண்டி ஒன்று உங்கள் தடத்துக்குத் தாராளம். ஹோண்டா ரான்சர் 420, யமஹா கோடியாக் 450, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 எல்லாம் இந்த வரிசையில் வருபவை. முன்னும் பின்னும் சாமான் தட்டு இல்லாத, தாழ்வான ஸ்போர்ட் வகை வண்டிகளைப் பார்க்கவே வேண்டாம். அவை பின்சக்கரம் மட்டும் இழுப்பவை, மணலுக்கும் பந்தயத் திடலுக்கும் ஆனவை.

850 ஏன் வேண்டாம் என்கிறேன்? வேரும் பாறையும் நிறைந்த தடத்தில் பாதி நேரம் மிதிவண்டி வேகத்தில்தான் போவோம். அங்கே கூடுதல் குதிரைத்திறனுக்கு வேலையில்லை. கூடுதல் எடை மட்டும் கூடவே வரும். நடுத்தர வண்டிகள் ஏறக்குறைய 265 முதல் 320 கிலோவுக்குள் இருக்கும். 850 வகுப்பு 350 கிலோவைத் தாண்டிவிடும். ஏடிவியில் சமநிலை என்பது ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்துக் கொடுப்பதுதான். 270 கிலோ வண்டியில் உங்கள் 64 கிலோ கிட்டத்தட்ட கால் பங்கு. நீங்கள் சாய்ந்தால் வண்டி கேட்கும். 350 கிலோவில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

நானும் முதலில் பெரிய வண்டிதான் வாங்கினேன். ஒரு குறுகிய திருப்பத்தில் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, வண்டி ஒரு மரத்தின்மேல் சாய்ந்து நின்றுவிட்டது. தள்ளினேன், இழுத்தேன், திட்டினேன், அசையவில்லை. கடைசியில் ஆள் தேடி நாலு கிலோமீட்டர் நடந்தேன். தனியாகப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு அந்த மரம்தான் நினைவுக்கு வந்தது.

அகலத்தையும் கவனியுங்கள். பல தடங்களில் நுழைவாயிலிலேயே கட்டை நட்டு அகலத்துக்கு வரம்பு வைத்திருப்பார்கள். அமெரிக்க வனத்துறையின் பல தடங்களில் 50 அங்குலம்தான் வெகுகாலமாக இருந்துவரும் அளவு. மேலே சொன்ன வண்டிகள் அதற்குள் அடங்கும். சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் வீல் ஸ்பேசர் மாட்டினாலோ அகல டயருக்கு மாறினாலோ அடங்காமல் போகலாம்.

பின்பக்க சஸ்பென்ஷனில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு வகை உண்டு. ஒன்றில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும். ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் அச்சு முழுவதும் சாயும், அந்த உதை இடுப்புக்கு வரும். அச்சின் நடுவில் இருக்கும் கியர்க்கூடு தரைக்கு ஆறேழு அங்குல உயரத்திலேயே தொங்குவதால் பாறை அதில் இடிக்கும். இன்னொரு வகையில் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். நடுப்பகுதி உயரமாகவே இருக்கும், பத்துப் பதினோரு அங்குலம் வரை கிடைக்கும். ஒற்றை அச்சுக்கும் நல்ல குணங்கள் உண்டு: எளிமையானது, எடை குறைவு, திருப்பத்தில் உடல் அதிகம் சாயாது, பராமரிப்பும் கம்மி. தோட்ட வேலைக்கு என்றால் அதையே சொல்வேன். வேர்ப் பாதையில் நாலு மணி நேரம் ஓட்டுபவருக்குத் தனித்தனி சஸ்பென்ஷன்தான் சரி. ஒரே மாடல் பெயரில் இரண்டு வகையும் விற்பனைக்கு வருவதுண்டு. பெயரை மட்டும் நம்பாமல் குனிந்து அடியில் பாருங்கள்.

அடுத்தது கியர். பெரும்பாலான வண்டிகளில் பெல்ட்டில் ஓடும் தானியங்கி அமைப்பு இருக்கும். ஹோண்டா போன்ற சிலர் பல்சக்கர கியரைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். பெல்ட் ஓட்டுவதற்குச் சுகம். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது 'லோ' (மெதுவான, இழுவை கூடிய கியர்) போடாமல் 'ஹை'யிலேயே (வேகத்துக்கான கியர்) இழுத்தால் பெல்ட் வழுக்கிச் சூடாகும், ரப்பர் கருகும் வாடை வரும். பெல்ட் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலும் வழுக்கும். ஓடையில் கால்தட்டுக்கு மேல் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீறி நனைந்துவிட்டால் நியூட்ரலில் வைத்துச் சற்று முறுக்கினால் பெரும்பாலும் காய்ந்துவிடும். கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் அதுவும் காயும்.

ஏற்றத்தை எல்லோரும் கேட்கிறார்கள். இறக்கத்தை யாரும் கேட்பதில்லை. ஈரமான சரிவில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். அங்கே காப்பாற்றுவது இன்ஜின் பிரேக்கிங்தான்: ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்துக் குறைப்பது. நான்கு சக்கரத்துக்கும் இது கிடைக்கிறதா என்று கேளுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் மட்டும் முன்சக்கரத்தை இணைக்கிற தானியங்கி அமைப்புகளில், இறக்கத்தில் முன்சக்கரங்கள் சும்மா உருண்டுகொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு இறக்கத்துக்கென்று தனி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சரிவில் 'லோ'வில் இறக்கி, பிரேக்கைத் தொடாமல் விட்டுப் பாருங்கள். விளம்பரத்தாள் சொல்லாததை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.

டிஃபரன்ஷியல் லாக், அதாவது முன்சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் வசதி, இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் உங்கள் தடத்துக்குச் சமாளிக்கலாம். பூட்டினால் ஹேண்டில் கனக்கும் என்பதால் மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும்தான் போடுவோம். பவர் ஸ்டீயரிங் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அது திருப்பச் சுலபமாக்குவதோடு, முன்சக்கரம் பாறையில் மோதும்போது ஹேண்டில் கையை உதறுவதையும் தணிக்கும். இரண்டு மணி நேரம் கழித்து மணிக்கட்டுக்கு வித்தியாசம் தெரியும்.

உட்கார்ந்து பார்க்கும்போது நின்றும் பாருங்கள். கால்தட்டில் நின்று முழங்கால் லேசாக மடங்கியிருக்க, ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்புங்கள். வெளிப்பக்கக் கை எட்டாமல் இழுத்தால் அது உங்கள் அளவு வண்டி இல்லை. ஆக்ஸிலேட்டரைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருப்பதும் முதலில் விநோதமாக இருக்கும். காரணமாகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்: உடம்பைப் பின்னால் சாய்க்கும்போது மோட்டார் சைக்கிள் போன்ற திருகுபிடி என்றால் தானாகவே முறுக்கிக்கொள்ளும்.

இப்போது மனைவி விஷயம். ஒருவருக்கான ஏடிவியில் இரண்டாவது ஆளை ஏற்றாதீர்கள். "மெதுவாகத்தானே போகிறோம்" என்ற சமாதானமும் வேண்டாம். இருக்கை நீளமாக இருப்பது ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்காக. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் அந்த இடம் போய்விடும், எடையும் பின்னச்சுக்கு மேல் ஏறும். ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டால் வண்டி பின்பக்கமாகவே மல்லாந்துவிடும், அடியில் இருப்பது அவர்தான். இருவருக்கென்றே கட்டிய ஏடிவிகள் உண்டு: போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் டூரிங், கேன்-ஆம் அவுட்லேண்டர் மேக்ஸ் போல. சக்கர இடைவெளி நீளம், பின்னிருக்கைக்குச் சாய்மானமும் கைப்பிடியும் இருக்கும். ஆனால் குறுகிய திருப்பத்தில் அவ்வளவு சுருக்கமாகத் திரும்பாது. வருடத்துக்கு நாலு நாள்தான் அவர் வருவார் என்றால் ஒருவர் வண்டியை வாங்கிக்கொண்டு, அந்த நாளுக்கு இன்னொன்றை வாடகைக்கு எடுங்கள். அவரும் ஓட்டிப் பழகட்டுமே.

புதிதா பழையதா என்றால், முதல் வண்டி பழையதாக இருப்பதே மேல். எப்படியும் எங்காவது இடிப்பீர்கள். புது வண்டியில் இடித்தால் மனம் கூடுதலாக வலிக்கும். மிச்சப்படும் பணத்தில் ஹெல்மெட், கண்ணாடி, கணுக்காலை மூடும் பூட்ஸ், மாட்டிக்கொண்ட வண்டியைக் கம்பி கட்டி இழுக்க ஒரு வின்ச் வாங்குங்கள். வின்ச்சின் இழுதிறன் வண்டி எடையைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். கூடவே குறைந்த அழுத்தத்துக்கான டயர் கேஜ் ஒன்று. ஏடிவி டயருக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 பிஎஸ்ஐதான். கார் கேஜில் அது சரியாகத் தெரியாது.

தேடும்போது எங்காவது மூன்று சக்கர வண்டி கண்ணில் பட்டால் ரசித்துவிட்டு நகருங்கள். 1970இல் ஹோண்டா கொண்டுவந்த அந்த வடிவம் எளிதில் கவிழும் என்பதால், 1988இல் அமெரிக்காவில் அதன் புது விற்பனையே நின்றுபோனது.

பழைய வண்டியில் நான் முதலில் திறப்பது ஏர் ஃபில்டர் பெட்டியை. ஃபில்டரைத் தாண்டி உள்பக்கம் புழுதி படிந்திருந்தால் அது இன்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது, அத்தோடு கிளம்பிவிடுவேன். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் வண்டி தண்ணீரில் மூழ்கியிருக்கலாம். சக்கரத்துக்குப் போகும் அச்சுகளின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கி வைத்துச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட்டோ பேரிங்கோ தேய்ந்திருக்கும். சட்டத்தில் புது பெயிண்ட் திட்டுத்திட்டாக இருந்தால் அதன் கீழே வெல்டிங் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே, வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கிறதா? குளிர்ந்த நிலையில் அது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கலாம். இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.