பாஸ்வேர்டில் மூன்று எழுத்து மட்டும் கேட்டால்: கேள்வி பதில்

காட்பாடி: லண்டனில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன் ஐயா. அங்குள்ள வங்கிக் கணக்கைத் திறந்தால் 2, 5, 7ஆவது எழுத்தை மட்டும் கேட்கிறது. முழுதாகவே கேட்கலாமே?

பிரிட்டனில் இது பழைய வழக்கம் அம்மா. லாயிட்ஸ், ஹாலிஃபாக்ஸ் வங்கி வாடிக்கையாளர்களுக்கு நன்றாகப் பழகியது. பிரவுசிங் சென்டரில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தாலும், விசைகளைத் திருட்டுத்தனமாகப் பதியும் நிரல் கணினியில் இருந்தாலும், மூன்று எழுத்துதான் சிக்கும். எட்டு எழுத்துச் சொல்லில் மூன்றை 56 விதமாகக் கேட்கலாம். ஆனால் பலமுறை வேவு பார்ப்பவரிடம் முழுச் சொல்லும் சேர்ந்துவிடும். அதனால் பொதுக் கணினியில் திறக்கவே வேண்டாம்.

குடியாத்தம்: எனக்கு பாஸ்வேர்டு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் தவறு என்கிறதே சார்?

பெரும்பாலும் எண்ணுவதில்தான் பிசகு. வேலூர் என்பது நம் வாய்க்கு மூன்று எழுத்து. ஆங்கிலத்தில் அடித்தால் ஏழு: வி, இ, எல், எல், ஓ, ஆர், இ. 4ஆவதைக் கேட்டால் இரண்டாவது எல், 5ஆவது ஓ. 'லூ' எத்தனையாவது என்று தமிழில் யோசித்தால் தப்பிவிடும். தமிழ்ப் பெயர்களில் வரும் எச், இரட்டை எழுத்துகள் எல்லாம் தனித்தனியாகக் கணக்கு. எண்ணும் குறியும் ஒவ்வொன்றும் ஓர் இடம். இடமிருந்து 1 என்று தொடங்குங்கள்.

மனத்துக்குள் எண்ணாதீர்கள். நான்கு நான்காகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்; 7ஆவது என்றால் இரண்டாம் கட்டில் மூன்றாவது. அதுவும் சிரமம் என்றால் வீட்டில் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கீழே 1, 2, 3 போட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். (ஊர்ப் பெயரை எடுத்துக்காட்டுக்குத்தான் சொன்னேன். மூன்று எழுத்து தெரிந்தால் மீதியை யாரும் ஊகித்துவிடலாம்.)

ஆம்பூர்: பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலி முழுச் சொல்லையும் ஒரே கட்டத்தில் கொட்டிவிடுகிறது.

தானாக நிரப்புவதை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். பிட்வார்டன் என்ற மேனேஜரில் ஒவ்வொரு எழுத்தின் கீழும் எண் காட்டும் வசதி உண்டு. கீபாஸ் என்ற மேனேஜரில் வேண்டிய எழுத்தை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். நோட்பேடில் ஒட்டி எண்ணும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: வங்கி பாஸ்வேர்டை ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் பிரிக்க முடியாத குறியாக மாற்றி வைத்தால் மூன்று எழுத்தைத் தனியாகச் சரிபார்க்க முடியாதே அண்ணா?

சரியான கேள்வி தம்பி. முழுச் சொல்லின் ஹாஷிலிருந்து 5ஆவது எழுத்தை எடுக்க வழியில்லை. ஆகவே வங்கி அதைத் திரும்பப் பிரிக்கக்கூடிய குறியாக்கத்தில் வைத்து, பிரிக்கும் சாவியைத் தனிப் பாதுகாப்புக் கருவியில் பூட்ட வேண்டும். ஒவ்வொரு மூன்றெழுத்துச் சேர்க்கைக்கும் தனி ஹாஷ் வைக்கலாம்தான். ஆனால் சிறிய எழுத்தும் எண்ணும் மட்டும் என்றால் மூன்று இடத்துக்கு 46,656 வாய்ப்புகளே. ஹாஷ்கள் உள்ள கோப்பு களவு போனால் கணினி அதை நொடியில் தேடி முடித்துவிடும். சில முறை தவறினால் கணக்கைப் பூட்டுவதும் வாய்ப்புகள் இவ்வளவு குறைவு என்பதால்தான். எனக்கு இந்த முறையில் மிகவும் உறுத்துவது வங்கி சொல்லை இப்படி வைக்க வேண்டியிருப்பதுதான். இதற்கு வைக்கும் சொல்லை வேறு எங்கும், மின்னஞ்சலுக்குக்கூட, வைக்காதீர்கள்.

ராணிப்பேட்டை: வங்கியிலிருந்து என்று ஒருவர் பேசினார். "முழு பாஸ்வேர்டு வேண்டாம், 1, 4, 6 மட்டும் சொல்லுங்கள்" என்றார். சொல்லிவிட்டேன்.

உடனே வங்கியின் உண்மையான எண்ணை அழைத்துக் கணக்கை நிறுத்துங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குத் தாமதிக்காமல் பேசுங்கள். அந்த ஆள் உங்கள் கணக்கின் நுழைவுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியிருக்கலாம். பக்கம் அவனிடம் கேட்கும், அவன் உங்களிடம் கேட்பான். மூன்று எழுத்துதானே என்று நமக்குத் தோன்றும். அவனுக்குத் தேவையும் அந்த மூன்றுதான்.

ஆற்காடு: டெபிட் கார்டின் பின்னால் உள்ள எண் கட்டத்தைப் போட்டோ எடுத்து போனில் வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. அதுவும் இதே முறைதான், கேட்கும் கட்டங்களின் எண்ணை மட்டும் அடிக்க வேண்டும். போட்டோவில் எல்லாக் கட்டமும் இருக்கிறது. எடுத்திருந்தால் அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால் கார்டையே மாற்றச் சொல்லுங்கள்.