மண்சரிவு எச்சரிக்கையும் மாமியின் விசுவாசமும்

சகோதரி, மஸ்கெலியாவில் உங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) மேலே மண் வெடித்திருக்கிறது, பாதுகாப்புக்காகப் பிள்ளைகளோடு பாடசாலைக்குப் போய்விட நினைக்கிறீர்கள், மாமியோ “கர்த்தர் காப்பார், ஓடுவது அவிசுவாசம்” என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். போங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாமி நம்புகிற கர்த்தரைத்தான் நானும் நம்புகிறேன். பவுல் போன கப்பல் புயலில் சிக்கியபோது, அதிலிருந்த 276 பேரில் ஒருவர் உயிரும் போகாது என்று தேவன் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனாலும் மாலுமிகள் நைசாகப் படகிறக்கித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று பவுலே படைவீரர்களிடம் சொன்னார். கடைசியில் நீந்தியும் பலகைகளைப் பிடித்தும்தான் கரை சேர்ந்தார்கள். அப்போஸ்தலர் 27. வாதமாக வேண்டாம், இரவு ஜெபத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் புதைந்தனவே, அங்கே சாமி கும்பிடாத வீடா இருந்திருக்கும்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள் எச்சரிக்கை விட்டால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயார்நிலை, சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஆனால் புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கும் ஊற்று, இவற்றைக் கண்டபின் நிறத்துக்காகக் காத்திருக்காதீர்கள். கிராம சேவகருக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அழையுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மாமியின் மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். வேதாகமத்தையும் வையுங்கள், அப்புறம் மாமி கிளம்புவது சுலபம்.

வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாதே (அன்றைய நாள் சம்பளம் கணக்கில் வராதே) என்ற கவலை நியாயமானது. அதைத் தோட்டத் தலைவரிடம் இன்றே பேசிவிடுங்கள்.