தானியம் வைத்தால் குருவிகளின் மரபணு மாறுமா?

கேள்வி: பல ஆண்டுகளாக வீட்டு முற்றத்தில் பறவைகளுக்குத் தானியமும் தண்ணீரும் வைத்து வருகிறேன். தொடக்கத்தில் கதவு திறக்கும் ஓசைக்கே பறந்தோடிய சிட்டுக்குருவிகள் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து உண்கின்றன. சாலை இரைச்சல் கூடியபின் வேறு சில பறவைகளின் குரலும் மாறியிருப்பதாகத் தோன்றுகிறது. இவை பரிணாம மாற்றங்கள்தானா? நாம் உணவளிப்பது தலைமுறை தலைமுறையாக அவற்றின் இயல்பையே கெடுத்துவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். நிறுத்திவிட வேண்டுமா? நான் பார்ப்பவற்றைக் குறித்து வைத்தால் யாருக்கேனும் பயன்படுமா?

பதில்: உணவளிப்பதை நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அளிக்கும் முறையில் சில மாற்றங்கள் தேவைப்படலாம். நீங்கள் கண்ட இரண்டு மாற்றங்களும் பெரும்பாலும் அந்தப் பறவைகள் தம் வாழ்நாளில் கற்றுக்கொண்டவையாகவே இருக்கும். ஒரு தனிப் பறவை எவ்வளவு மாறினாலும் அது பரிணாமம் ஆகாது. ஒரு கூட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் மரபணு வகைகளில் சில, அடுத்த தலைமுறையில் கூடுதலான பறவைகளிடமும் சில குறைவான பறவைகளிடமும் காணப்பட்டால், அதைத்தான் பரிணாமம் என்கிறோம். இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: பறவைகளுக்குள் வேறுபாடு இருக்க வேண்டும், அந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குக் கடத்தப்பட வேண்டும், அதன் பொருட்டுச் சில பறவைகள் மற்றவற்றைவிட அதிகக் குஞ்சுகளை விட்டுச் செல்ல வேண்டும்.

இவை மூன்றும் ஒன்றுசேர்ந்து நடந்ததை மிகத் துல்லியமாக அளந்த இடம் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னி மேஜர் என்னும் சிறு தீவு. பரப்பு அரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அந்தத் தீவில் 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் ஃபிஞ்ச் பறவைகளைப் பிடித்து, காலில் அடையாள வளையமிட்டு, அலகின் நீளத்தையும் தடிமனையும் அளந்து, எந்தக் குஞ்சு எந்தப் பெற்றோருடையது என்பதையும் எழுதி வைத்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சிறிய, மென்மையான விதைகள் விரைவில் தீர்ந்துபோக, நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் முள் நிறைந்த கடினமான காய்களே எஞ்சின. அந்தக் காயின் ஓரத்தைக் கடித்து உடைத்து உள்ளிருக்கும் விதையை எடுப்பதற்குத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்னும் இனத்தில் ஏறத்தாழ 85 விழுக்காட்டுப் பறவைகள் மடிந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன், வறட்சிக்கு முன்பிருந்த சராசரியைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர்தான் அதிகம். விரலால் தடவிப் பார்த்தால் உணர முடியாத அந்த வேறுபாடுதான் உயிரையும் சாவையும் தீர்மானித்தது. பிழைத்தவற்றின் குஞ்சுகளுக்கும், வறட்சிக்கு முந்தைய தலைமுறையோடு ஒப்பிடுகையில், ஏறத்தாழ 4 விழுக்காடு தடித்த அலகு அமைந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பின் நடந்ததே முதன்மையாகப் படுகிறது. 1983-இல் எல் நினோ காரணமாகப் பெருமழை பெய்து, சிறு விதைகள் தீவெங்கும் நிறைந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் சிறிய அலகுடைய பறவைகளின் கை ஓங்கியது. பின்னர் 2004–05 வறட்சியில், 1977-இல் வென்ற அதே தடித்த அலகே பாதகமாக முடிந்தது. ஏனென்றால் அதற்குள் பெரிய தரை ஃபிஞ்ச் என்னும் மற்றோர் இனம் தீவில் குடியேறி, பெரிய விதைகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அந்த வறட்சியில் தப்பியவற்றையும் மடிந்தவற்றையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வு, எச்எம்ஜிஏ2 என்னும் மரபணுப் பகுதியில் சிறிய அலகுக்குரிய வகையைக் கொண்டிருந்தவையே அதிகம் பிழைத்தன என்று காட்டியது. அலகின் வடிவத்தோடு தொடர்புடைய ஏஎல்எக்ஸ்1 என்னும் மரபணு அதற்கு முந்தைய ஆண்டே அடையாளம் காணப்பட்டிருந்தது. வறட்சி எந்த மரபணுவையும் புதிதாக உண்டாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டத்துக்குள் முன்பே கலந்திருந்த வகைகளில் ஒன்றுக்கு அந்த ஆண்டுகள் வாய்ப்பளித்தன. தேவை ஏற்பட்டதால் பறவை தன் அலகை வளர்த்துக்கொண்டது என்ற எண்ணம் எவ்வளவு பரவலாக இருந்தாலும் அது சரியன்று.

இனி உங்கள் முற்றத்துக்கு வருவோம். இரைச்சல் மிகுந்த இடங்களில் பறவைகள் உயர்ந்த சுருதியில் பாடுவது உண்மை. நெதர்லாந்தின் லைடன் நகரில், பட்டாணிக்குருவியின் நெருங்கிய உறவினமான கிரேட் டிட் பறவைகளிடம் 2003-இலேயே இது பதிவாகியிருக்கிறது. ஆனால் இது மரபணு மாற்றம்தானா என்று அறிய வேண்டுமானால், காரணத்தை அகற்றிவிட்டு என்ன நிகழ்கிறது என்று பார்ப்பதே எளிய வழி. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது அத்தகைய வாய்ப்புத் தானாகவே அமைந்தது. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் வாகன ஓசை அடங்கிய சில வாரங்களிலேயே, வெண்கோடிட்ட தலையுடைய ஒரு சிட்டினம் முன்பைவிட மெல்லிய குரலிலும் தாழ்ந்த சுருதியிலும் பாடத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ஒரு தலைமுறைகூடக் கடக்காத காலத்தில் மரபணு வகைகளின் விகிதம் மாறியிருக்க முடியாது. பறவைகள் தம் பாட்டைச் சூழலுக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டன, அவ்வளவே. இப்படி நெகிழ்ந்து கொடுக்கும் திறன் மரபுவழி வந்ததாக இருக்கலாம். ஆனால் அந்த நெகிழ்வையே பரிணாமம் என்று கொள்ளக் கூடாது.

குருவிகளின் அச்சம் குறைந்ததற்கும் முதல் விளக்கம் பழக்கம்தான். உங்களால் தீங்கில்லை என்று அந்தப் பறவைகள் கண்டுகொண்டன. அவற்றைப் பார்த்து அவற்றின் குஞ்சுகளும் கற்றன. எனினும் கற்றல் மட்டுமே எப்போதும் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஜெர்மனியில் மியூனிக் நகரத்திலிருந்தும் காட்டிலிருந்தும் கரும்பறவை எனப்படும் பூங்குருவி இனத்தின் குஞ்சுகளை எடுத்து, இரு தரப்பையும் ஒரே சூழலில், ஒரே விதமாகக் கையால் ஊட்டி வளர்த்தார்கள். வளர்ந்தபின் பிடித்துக் கையாண்டு சோதித்தபோது, நகரத்துப் பறவைகளின் இரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் குறைவாகவே ஏறியது. வளர்ப்பு ஒன்றாக இருந்தும் வேறுபாடு நீடித்ததால், அதற்கு மரபுவழிக் காரணம் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆக, முற்றத்தில் நின்று பார்ப்பவருக்குப் பழக்கமும் மரபும் ஒன்றுபோலவே தோன்றும். இப்படி ஒரே சூழலில் வளர்த்தோ, கூடுகளுக்கிடையே முட்டைகளை மாற்றி வைத்துக் குஞ்சு பெற்றவரை ஒத்திருக்கிறதா வளர்த்தவரை ஒத்திருக்கிறதா என்று அளந்தோ, மரபணுத் தொடரை நேரடியாகப் படித்தோதான் இரண்டையும் பிரித்தறிய இயலும்.

உணவளிப்பது பற்றிய உங்கள் நண்பரின் கவலையில் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு வீட்டு முற்றம் எந்தப் பறவையின் மரபணுவையும் மாற்றாது. ஆனால் ஒரு நாடு முழுவதும் இலட்சக்கணக்கான வீடுகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து உணவு வைத்தால், அதுவும் மழையையும் வறட்சியையும் போல ஒரு சூழல் ஆகிவிடும். பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் வாழும் கிரேட் டிட் பறவைகளை ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வில், பிரிட்டன் பறவைகளுக்கு அலகு சற்று நீளம் என்றும், அதனோடு சிஓஎல்4ஏ5 என்னும் மரபணுவின் ஒரு வகை தொடர்புடையது என்றும் தெரியவந்தது. ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த வைதம் காட்டில் அந்த வகையைப் பெற்ற பறவைகள் உணவுக்கலங்களுக்கு அதிக முறை வந்தன. கூடுதலான குஞ்சுகளையும் பறக்கவிட்டன. பிரிட்டனில் தோட்டங்களில் உணவு வைக்கும் வழக்கம் மிகப் பரவலானது என்பதால், இதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உறுதியான முடிவாக அவர்கள் இதைச் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

பிளாக்கேப் என்னும் சிறிய வலசைப் பறவையிடம் சான்று இன்னும் வலுவானது. மத்திய ஐரோப்பாவில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்துக்கு மத்தியதரைக்கடல் பக்கம் பறக்கும் இந்தப் பறவைகளில் ஒரு பகுதி, சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கே பிரிட்டனுக்குச் செல்லத் தொடங்கியது. அங்குள்ள தோட்டங்களில் வைக்கப்படும் உணவும் கடுமை குறைந்த குளிரும் அவற்றைப் பிழைக்கவைத்தன. பீட்டர் பெர்தோல்டும் அவருடைய குழுவினரும் பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழித்த பறவைகளை ஜெர்மனிக்குக் கொண்டுபோய்க் கூண்டில் இனப்பெருக்கம் செய்ய வைத்தனர். அந்தக் குஞ்சுகள் அதுவரை எங்கும் வலசை போனதில்லை. வழிகாட்டும் பறவையும் அவற்றோடு இல்லை. ஆனாலும் வலசைப் பருவம் வந்ததும் கூண்டுக்குள் அவை மேற்குப் பக்கமே முனைந்தன. திசை பிறவியிலேயே வந்திருந்தது. 1992-இல் இந்த முடிவு வெளியானது.

சிட்டுக்குருவியைப் பொறுத்தவரை, நண்பர் அஞ்சும் மாற்றம் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. மத்திய ஆசியாவில் இன்னும் மனிதரை ஒட்டி வாழாமல், காட்டுப்புல் விதைகளை உண்டு, வலசையும் போகும் ஒரு சிட்டுக்குருவித் துணையினம் இருக்கிறது. அதன் மரபணுத் தொகுதியையும் ஊர்க்குருவிகளின் மரபணுத் தொகுதியையும் 2018-இல் ஒப்பிட்டபோது, இரண்டும் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன், வேளாண்மை தோன்றிய காலத்தை ஒட்டிப் பிரிந்ததாகக் கணிக்கப்பட்டது. ஊர்க்குருவிகளில் இயற்கைத் தேர்வின் (பிழைக்க உதவும் வகைகள் தலைமுறைதோறும் பெருகுவதன்) அழுத்தமான தடயம் காணப்பட்ட மரபணுப் பகுதியில் இரண்டு மரபணுக்கள் இருந்தன: ஒன்று மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியோடும், மற்றொன்று மண்டையோட்டின் வளர்ச்சியோடும் தொடர்புடையது. நம் வயலையும் களத்தையும் வீட்டையும் நம்பி வாழ்வதுதான் இன்றைய ஊர்க்குருவியின் இயல்பு. நீங்கள் வைக்கும் தானியம் அதற்கு அந்நியமானதன்று.

நான் உண்மையில் கவலைப்படுவது நோயைப் பற்றித்தான். 1994-இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஹவுஸ் ஃபிஞ்ச் பறவைகளுக்கு மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவால் கண்நோய் பரவியது. பல பறவைகள் ஒரே கலத்தில் தலை நுழைத்து உண்பது அதன் பரவலுக்குத் துணைபோனது. அந்தப் பறவைக் கூட்டங்களில் பிற்காலத்தில் எதிர்ப்புத் திறன் வளர்ந்தது உண்மைதான். ஆனால் கிருமியும் கூடவே கொடியதாக மாறியது. எதிர்ப்புத் திறன் வளர்ந்தது என்று நாம் ஒரு வரியில் எழுதுவதற்குப் பின்னால், அந்தத் திறன் இல்லாமல் குருடாகிப் பட்டினியில் செத்த பறவைகளின் பெருங்கூட்டம் இருக்கிறது. ஆகவே அன்றன்று தீரும் அளவுக்கே தானியம் வையுங்கள். கலத்தையும் தண்ணீர்த் தட்டையும் அடிக்கடி தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். ஒரே இடத்தில் குவிக்காமல் சற்றுப் பரவலாக வையுங்கள். இமை வீங்கியோ, இறகு சிலிர்த்துச் சோர்ந்தோ ஒரு பறவை தென்பட்டால், சில வாரங்கள் உணவு வைப்பதை நிறுத்திக் கூட்டம் கலையவிடுங்கள். சிட்டுக்குருவி தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சிகளையே ஊட்டும் என்பதால், பூச்சிக்கொல்லி தெளிக்காத சில செடிகளை வளர்ப்பது நீங்கள் வைக்கும் தானியத்தைவிடப் பெரிய உதவி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பறவைகள் எதற்கும் தம்மைத் தகவமைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நாம் செய்யும் கேடுகளைப் பொறுத்துக்கொள்ளலாகாது. தகவமைவின் வேகம் கூட்டத்தின் அளவையும் தலைமுறையின் நீளத்தையும் கையிருப்பில் உள்ள மரபணு வேறுபாட்டையும் பொறுத்தது. சிட்டுக்குருவி ஓராண்டில் பல முறை முட்டையிடும். பிறந்த அடுத்த ஆண்டே தானும் இனம் பெருக்கும். பிணந்தின்னிக் கழுகான வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். பருவமடைய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து பிணங்களின் வழியே உடலில் சேர்ந்ததால், இந்தியாவில் 1990-களில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. பரிணாமம் அவற்றைக் காப்பாற்றக் காலமே இருக்கவில்லை. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது போன்ற மனித முடிவுகளே மீதியைக் காத்தன.

உங்கள் குறிப்புகள் கட்டாயம் பயன்படும், ஒரே முறையில் எழுதினால். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே கால அளவுக்குப் பாருங்கள். எந்தப் பறவையும் வராத நாளையும் எழுதுங்கள், ஏனெனில் அந்த வெற்று நாள்கள் இல்லாமல் கூடியதா குறைந்ததா என்று கணக்கிட முடியாது. கூடு கட்டத் தொடங்கிய நாள், குஞ்சுகள் வெளியே பறந்த நாள், பறந்த குஞ்சுகளின் எண்ணிக்கை ஆகியவை மிக மதிப்புள்ளவை. வைதம் காட்டில் 1947-இல் தொடங்கி இப்படித் தொடர்ந்து எழுதப்பட்ட, கூடுகள் பற்றிய குறிப்புகளைக் கொண்டே, கிரேட் டிட் பறவைகள் அரை நூற்றாண்டுக்குள் ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாக முட்டையிடத் தொடங்கியிருப்பதையும், அந்த மாற்றம் பெரும்பாலும் பறவைகளின் நெகிழ்வுத் திறனால் வந்ததே என்பதையும் கண்டறிந்தார்கள். குறிப்புகளை இ-பேர்ட் போன்ற பொதுத் தளத்தில் பதிந்தால் அவை ஆய்வாளர்களுக்கு எட்டும். படம் எடுப்பதானால் பறவை பக்கவாட்டில் நிற்கும்போது, ஒரே தொலைவிலிருந்து எடுங்கள்; அலகையும் நிறத்தையும் பின்னாளில் ஒப்பிட அது உதவும். கூட்டுக்கு மிக அருகே செல்ல வேண்டாம். அளப்பதற்காகப் பறவையைப் பிடிக்கவும் வேண்டாம். வளையமிடுதலும் இரத்த மாதிரி எடுத்தலும் அதற்கென உரிமமும் பயிற்சியும் பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. உங்கள் பகுதியில் அத்தகைய ஆய்வு நடந்தால், பல ஆண்டுக் குறிப்பேட்டோடு அவர்களை அணுகுங்கள்.