மனநல மருத்துவரே இல்லாத ஊரில் பேச்சுச் சிகிச்சை பலிக்குமா?

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை, படித்த மருத்துவர் இல்லாமல், பேசியே குணப்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெருமளவு முடியும். பாகிஸ்தானின் ராவல்பிண்டி அருகே கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. மனச்சோர்வு கொண்ட சுமார் 900 கர்ப்பிணிகள் அதில் இருந்தார்கள். சிகிச்சை தந்தவர்கள், ஏற்கெனவே வீடு வீடாகச் செல்லும் அரசு சுகாதாரப் பணியாளர்களான பெண்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களின் சாமர்த்தியம். ‘உனக்கு மனநோய்’ என்று சொன்னால் மாமியார் கதவைச் சாத்திவிடுவார் அல்லவா? ஆகவே ‘குழந்தை நன்றாக வளர என்ன செய்யலாம்’ என்று பேச்சைத் தொடங்கினார்கள், குடும்பத்தையும் உட்காரவைத்தார்கள். ‘என் தலையெழுத்து’ என்ற எண்ணத்தை மெல்ல அசைத்து, அடுத்த சந்திப்புக்குள் செய்ய ஒரு சிறு வேலை கொடுத்தார்கள். மொத்தம் 16 சந்திப்புகள்.

குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இந்தச் சிகிச்சை பெற்ற தாய்மார்களில் 23 சதவீதத்தினரிடமே மனச்சோர்வு இருந்தது. இந்தச் சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவில் 53 சதவீதம். அந்தக் குழுவின் வீடுகளுக்கும் பணியாளர்கள் அதே எண்ணிக்கையில் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆள் வந்து போனதால் மட்டும் வந்த பலன் அல்ல இது. குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.