இரவுக்குத் தொட்டுக்கொள்ள என்ன? வாசகர் கேள்வி பதில்

வெண்டைக்காய்ப் பொரியல் எவ்வளவு நேரம் வதக்கினாலும் நூல் நூலாக இழுக்கிறது. மூடி போட்டு வேகவிட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். கல்யாணப் பந்தியில் மட்டும் எப்படி உதிரியாக வருகிறது?
வாசகி, திண்டுக்கல்

முதலில் அந்த மூடியை எடுத்துப் பரணில் போடுங்கள். வெண்டைக்காயின் கொழகொழப்பு, தண்ணீர் பட்டால் ஊறிப் பெருகுகிற ஒரு பசை. முழுக்காயில் அது அடங்கிக் கிடக்கும். நறுக்கிய இடத்தில் ஈரம் பட்டதும் வெளியே வந்துவிடும். மூடி போட்டால் ஆவி தண்ணீராகி மறுபடி காயின் மேலேயே சொட்டும், பசை கூடும்.

அரைக் கிலோ காயை முழுதாகக் கழுவி, துணியால் துடைத்து, அரை மணி நேரம் ஃபேனுக்கு அடியில் பரப்பி வைத்த பிறகுதான் நறுக்க வேண்டும். கத்தியும் பலகையும்கூட ஈரமில்லாமல் இருக்கட்டும். அகலமான வாணலியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றித் தாளித்ததும் காயைப் போட்டு, தீயை மிதத்துக்குக் கொஞ்சம் மேலேயே வையுங்கள். அடிக்கடி கிளறாதீர்கள். கிளறக் கிளறக் காய் உடைந்து பசை கசியும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு புரட்டினால் போதும். முதல் ஐந்து நிமிடம் நூல் நன்றாகவே தெரியும், பயப்பட வேண்டாம். எட்டாவது, பத்தாவது நிமிடத்தில் கரண்டியைத் தூக்கினால் நூல் வராது. உப்பு அப்போதுதான். முன்னாலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டுவிடும்.

அப்படியும் அடங்கவில்லையென்றால் ஒரு தேக்கரண்டி கெட்டித் தயிரோ கால் மூடி எலுமிச்சைச் சாறோ விட்டு இரண்டு நிமிடம் புரட்டுங்கள். புளிப்பு பட்டால் பசை இளகிவிடும். இரும்பு வாணலியாக இருந்தால் புளிப்பைத் தவிர்த்துவிடுங்கள், காய் கறுத்துப்போகும். பந்தியில் உதிரியாக வருவதன் ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய பாத்திரம், தாராளமான எண்ணெய், அவ்வளவுதான். வீட்டில் சின்ன வாணலியில் ஒரு கிலோவைத் திணித்தால் அது வதங்காது, புழுங்கும்.

சப்பாத்திக்கு வைக்கும் வெஜிடபிள் குருமா திரிதிரியாகப் பிரிந்து, தண்ணீர் தனியாக நிற்கிறது. காய், தேங்காய் விழுது எல்லாவற்றையும் குக்கரில் ஒன்றாகப் போட்டு மூன்று விசில் விடுகிறேன். கூடவே இன்னொரு சந்தேகம்: இங்கே கசகசா விற்பதில்லை, அதற்குப் பதில் என்ன சேர்ப்பது?
வாசகி, துபாய்

தவறு எங்கே என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். தேங்காய்ப் பாலில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து நிற்பது அதிலுள்ள கொஞ்சம் புரதத்தின் தயவால்தான். நீண்ட நேரம் கொதித்தால் அந்தப் புரதம் திரைந்துபோகும், எண்ணெய் ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கம் என்று நிற்கும். தக்காளியின் புளிப்பு அதை இன்னும் சீக்கிரம் செய்துவிடும். குக்கரில் மூன்று விசில் வரைக்கும் எந்தத் தேங்காயும் தாங்காது.

நான்கு பேருக்கு இரண்டு கப் காய், ஒரு பெரிய வெங்காயம், ஒரு தக்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக்க வேண்டியது அரை கப் தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி சோம்பு, மூன்று பச்சை மிளகாய், ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, ஆறு முந்திரி. பட்டை கிராம்பு தாளித்து, வெங்காயம் வதக்கி, இஞ்சி பூண்டு பச்சை வாசனை போனதும் தக்காளியைச் சேர்த்து, அது கரைந்து எண்ணெய் ஓரத்தில் தெரியும்வரை விடுங்கள். இதில் அவசரம் கூடாது, தக்காளியின் புளிப்பு மட்டுப்படுவது இங்கேதான். காயைப் போட்டு ஒன்றரை கப் தண்ணீர் ஊற்றி, ஒரே விசில். ஆவி அடங்கித் திறந்த பிறகு, அரைத்த விழுதை அரை கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி, சின்னத் தீயில் ஐந்து நிமிடம். ஓரத்தில் குமிழி வந்து, நடுவில் லேசாகத் தளதளத்தால் இறக்கிவிடலாம்.

பொட்டுக்கடலையை ஏதோ அளவு கூட்டுவதற்கென்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அதன் மாவுச்சத்துதான் குருமாவைப் பிரியவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. அளவு கூடினால் ஆறியதும் களியாகிவிடும், ஒரு மேசைக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். ஏற்கெனவே திரிந்துபோன குருமாவில் இரண்டு கரண்டி எடுத்து, ஆறவைத்து, ஒரு தேக்கரண்டி பொட்டுக்கடலையோடு மையாக அரைத்துத் திருப்பி ஊற்றினால் முக்கால்வாசி சரியாகும்.

கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள், சிங்கப்பூரிலும் அப்படித்தான். ஊரிலிருந்து வருபவர்களிடம் "ஒரு பொட்டலம் கொண்டு வாங்க" என்று சொல்லிவிடாதீர்கள், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது அவர்கள். மேலே சொன்ன அளவில் முந்திரியே கசகசாவின் வேலையையும் பார்த்துவிடும். முந்திரி வேண்டாமென்றால் ஒரு தேக்கரண்டி வெள்ளரி விதையை ஊறவைத்து அரையுங்கள்.

தேங்காய்ச் சட்னி மிக்ஸியில் அரைத்தால் எண்ணெய் பிரிந்து வழவழவென்று ஆகிறது.
வாசகர், நெய்வேலி

அதிகம் அரைக்கிறீர்கள், ஜாரும் சூடாகிறது. குளிர்ந்த தண்ணீர் கொஞ்சமாக விட்டு, விட்டுவிட்டு ஓட்டுங்கள். அரை மூடித் தேங்காய்க்கு ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை போதும், முதலில் அதையும் மிளகாயையும் பொடித்துக்கொண்டு பிறகு தேங்காய் போட்டால் அரைக்கும் நேரம் பாதியாகும். காலையில் அரைத்ததை ராத்திரித் தோசைக்கு வைத்திருப்பவர்கள், தாளிப்பதற்கு முன்பே பாதியை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் தேங்காய் வெளியே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காது.

பருப்பு உசிலி செய்தால் ஒருநாள் களி மாதிரி ஒட்டுகிறது, ஒருநாள் கல் மாதிரி இருக்கிறது. அளவோடு, ஆரம்பத்திலிருந்து சொல்ல முடியுமா?
வாசகி, கும்பகோணம்

மோர்க்குழம்பும் உசிலியும் ஒரே இலையில் விழுந்தால் அப்பளம்கூடத் தேவையில்லை. ஆனால் கை பழகாதவர்களை இது நன்றாகவே சோதிக்கும்.

கால் கிலோ பீன்ஸ் அல்லது கொத்தவரங்காய்க்கு அரை கப் துவரம்பருப்பு, கால் கப் கடலைப்பருப்பு, நான்கு காய்ந்த மிளகாய். இரண்டு பருப்பையும் சேர்த்து ஒரு மணி நேரம் மட்டும் ஊறவையுங்கள். காலையில் ஊறப்போட்டுவிட்டுச் சாயங்காலம் அரைத்தால் பருப்பு நிறையத் தண்ணீர் குடித்திருக்கும், களியின் ஆரம்பம் அங்கேதான். வடிதட்டில் பத்து நிமிடம் நன்றாக வடியட்டும். மிளகாய், உப்பு, பெருங்காயத்தை முதலில் ஓட்டிவிட்டு, பருப்பைப் போட்டு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். மசால்வடைக்கு அரைப்பதைவிடக் கொஞ்சம் நைசாக, அடைமாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். அங்கங்கே ஒரு முழுப்பருப்பு கிடந்தால் பரவாயில்லை.

இட்லித் தட்டில் எண்ணெய் தடவி, விழுதைக் குவிக்காமல் விரல் தடிமனுக்குத் தட்டி வையுங்கள். குவித்தால் மேலே வெந்திருக்கும், நடுவே பச்சையாக நிற்கும். அந்தப் பச்சை மாவுதான் பிறகு வாணலியில் அடிபிடிக்கிறது. பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவிட்டு, ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள், ஒட்டக் கூடாது. இருபது நிமிடம் விட்டால் கெட்டிப்பட்டுவிடும்.

அடுத்த கட்டத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். சூட்டோடு உதிர்க்கக் கூடாது. சூடாக இருக்கும்போது மாவு பிசுபிசுப்பாக இருக்கும், பிசைந்தால் உருண்டைதான் வரும். முழுக்க ஆறிய பிறகு கையால் உதிர்த்தால் புட்டு மாதிரி கொட்டும். காலையிலேயே வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ராத்திரி உதிர்த்தால் இன்னும் நன்றாக வரும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுவே சௌகரியம்.

காயைப் பொடியாக நறுக்கி, உப்பும் மஞ்சள் தூளும் போட்டுத் தனியாக வேகவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள். கொத்தவரங்காயின் லேசான கசப்பும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். வாணலியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, முதலில் உதிர்த்த பருப்பை மட்டும் போட்டுச் சின்னத் தீயில் ஐந்தாறு நிமிடம் புரட்டுங்கள். பொன்னிறமாகி மொறுமொறுவென்று சத்தம் கேட்கும்போது காயைச் சேர்த்து இரண்டு நிமிடம், அவ்வளவே. எண்ணெயில் கஞ்சத்தனம் பார்த்தால் தொண்டையை அடைக்கும். கல் மாதிரி ஆவதற்கு மூன்று காரணம்: கடலைப்பருப்பு கூடிப்போனது, ஆவியில் அதிக நேரம் விட்டது, எண்ணெய் போதாதது. உங்களுக்கு எது என்று அடுத்த தடவை தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் கூட்டுக்குப் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. உப்பு முதலிலேயே போடுவதுதான் காரணம் என்கிறார் மாமியார்.
வாசகி, தாம்பரம்

உப்பின் மேல் வீண்பழி. கூட்டுக்குப் போடுகிற அளவு உப்பால் பருப்பு வேகாமல் போகாது. போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. கடின நீரில் பருப்பு விரைப்பாகவே நிற்பது அதனால்தான். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பருப்புக்கு மட்டும் உபயோகித்துப் பாருங்கள், ஒரே நாளில் வித்தியாசம் தெரியும். நாள்பட்ட பருப்பானால் நல்ல தண்ணீரிலும் மக்கர் செய்யும். அதை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். தக்காளி, புளி இரண்டையும் பருப்பு மசிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். மாமியார் உப்பைச் சொன்னதற்குப் பதில் புளிப்பைச் சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்! சோடா உப்பு போட்டால் வெந்துவிடும்தான், ஆனால் பருப்பிலுள்ள பி1 சத்து போய்விடும், வாயில் வழவழக்கும்.

அவசரத்துக்குப் பாசிப்பருப்பு. கால் கப்பை வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, சுரைக்காய் அல்லது புடலங்காயோடு போட்டால் இருபது நிமிடத்தில் கூட்டு தயார்.

சேப்பங்கிழங்கு வறுவல் ரோஸ்ட்டாக வராமல் கூழாகிறது. உரிக்கும்போது கையும் அரிக்கிறது.
வாசகர், தஞ்சாவூர்

குக்கரை நம்பாதீர்கள். ஒரே அளவுக் கிழங்காகப் பொறுக்கி, திறந்த பாத்திரத்தில் வேகவையுங்கள். கத்தி நுனி உள்ளே போகும்போது நடுவில் கொஞ்சம் தடுக்க வேண்டும், அந்த நேரத்தில் வடித்துவிடுங்கள். நடுத்தரக் கிழங்கானால் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் ஆகும். உரித்து வெட்டிய பிறகு பத்து நிமிடம் தட்டில் உலரட்டும். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், உப்போடு அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, ஒரு தேக்கரண்டி கடலை மாவு தூவிப் பிரட்டி, தோசைக்கல்லில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் சுற்றிலும் விடுங்கள். நான்கைந்து நிமிடம் தொடவே தொடாதீர்கள். அடி மொறுகியதும் தானே கல்லை விட்டுவரும். முன்னாலேயே கரண்டி போட்டால் தோல் ஒட்டி, உள்ளிருப்பது பிசுபிசுவென்று வெளியே வந்துவிடும்.

அரிப்புக்குக் காரணம் கிழங்கிலிருக்கும் ஊசி மாதிரியான கால்சியம் ஆக்சலேட் துகள்கள். பச்சையாக உரிக்காதீர்கள், வெந்த பிறகும் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டே உரியுங்கள்.

கீரை மசியல் பச்சையாகவே இருக்க சோடா உப்பு போடலாமா?
வாசகி, ஈரோடு

வேண்டாம். நிறம் நிற்கும், வைட்டமின் சி நிற்காது, கீரையும் கொழகொழத்துவிடும். கீரையிலிருக்கும் புளிப்பு ஆவியோடு வெளியேற முடியாமல் உள்ளேயே சுற்றும்போது பச்சையம் மங்கிப் பாசி நிறமாகிறது. அதனால் மூடாமல், கொதிக்கிற தண்ணீரில் கீரையைப் போட்டு ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். அரைக்கீரைக்கும் முளைக்கீரைக்கும் அது போதும். புளி விடும் பழக்கமிருந்தால் தனியாகக் கொதிக்கவைத்துக் கடைசியில் சேருங்கள்.

பொரியலிலோ கூட்டிலோ உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டு எடுத்தால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்கிறார்களே?
வாசகி, நாகர்கோவில்

உருளைக்கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை, உப்புத் தண்ணீராகவே உறிஞ்சுகிறது. மிச்சமிருப்பது அதே உப்புதான். கிழங்கைப் போட்டுவிட்டு எடுக்காமல் அதையும் மசித்துச் சேர்த்துவிட்டால் மொத்த அளவு கூடும், உப்பு குறைந்த மாதிரி இருக்கும். கூட்டானால் உப்பில்லாமல் வெந்த பாசிப்பருப்பு அரை கப், பொரியலானால் தேங்காய்த் துருவல் இரண்டு கைப்பிடி. எலுமிச்சை பிழிந்தால் நாக்குக்குக் கொஞ்சம் மறைக்கும். ரொம்பக் கூடிப்போயிருந்தால் அன்றைக்கு அதைப் பாதி எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் உப்பே போடாத காயோடு கலந்துவிடுவதுதான் நல்லது. ஆனால் தேங்காய் போட்டதை ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.