சுகம் கிடைக்காததற்கு என் விசுவாசம்தான் காரணமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, ஸ்தோத்திரம். எனக்கு 41 வயது. ஒன்பது வருடமாக முடக்குவாதம். காலையில் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. எட்டு மாதத்துக்கு முன் அம்மா புற்றுநோயில் போய்விட்டார். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. அப்போது "நிச்சயம் சுகமாகும்" என்று சொன்னவர்களே இப்போது "எங்கேயோ விசுவாசக் குறைவு இருந்திருக்கிறது" என்கிறார்கள். மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டச் சொல்கிறார் ஒருவர். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. நான் ஆண்டவரை விட்டு விலகிக்கொண்டிருக்கிறேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் மாத்திரை. நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வீக்கம் திரும்பி வரும். ஒருமுறை அரித்துப்போன மூட்டு பழையபடி ஆகாது. எதை மாற்றுவதானாலும் உங்கள் மருத்துவரிடம் மட்டும் பேசுங்கள். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போனபோது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் பவுல். 'உனக்கு விசுவாசம் போதவில்லை' என்று அவர் கடிந்துகொள்ளவில்லை.

அந்த 'விசுவாசக் குறைவு' எங்கள் வீட்டுக்கும் வந்த வார்த்தைதான். என் கணவருக்குப் பதினொரு வருடம் பார்க்கின்சன் நோய். முதலில் வலது கை, பிறகு நடை, கடைசியில் குரலும் போயிற்று. தினமும் காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவேன். ஒருநாள் ஜெபிக்க வந்த ஒருவர், நான் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே, "ஐயாவுக்கு முழு விசுவாசம் வந்துவிட்டால் இந்த நடுக்கம் நின்றுவிடும்" என்றார். அவர் போன பிறகு என் கணவர் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ தப்பு செய்த பிள்ளையைப் பார்ப்பதுபோல. அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதன் பிறகுதான் வேதத்தில் சுகமாகாதவர்களைத் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். பவுலின் உடம்பில் பட்ட துணியைப் போட்டாலே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அதே பவுல், தன்னோடு பயணம் செய்த ஒருவரைப் பற்றி, 'துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்' என்று எழுதுகிறார். அவ்வளவுதான், காரணம் சொல்லவில்லை. துரோப்பீமு மேல் பழியும் போடவில்லை. 'மாம்சத்தில் ஒரு முள்' என்று தான் சொன்ன உபாதை நீங்கும்படி அவரே மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதில்தான் வந்தது.

மாற்கு 2ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு கண்டது 'அவர்கள் விசுவாசத்தை'. படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே இல்லை. இதைக் கவனித்த அன்று எனக்கு எவ்வளவு பாரம் இறங்கியது தெரியுமா! விசுவாசத்தை எடை போட வேண்டுமென்றால், சுமக்க வந்தவர்கள் முதலில் தங்களுடையதைப் போட்டுப் பார்க்கட்டும். சரி, கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். ஆனால் வேதனையில் இருப்பவர் தலையில் இந்தப் பாரத்தையும் ஏற்றுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கோபத்துக்கு வருகிறேன். தினம் ஒரு சங்கீதமாக என் கணவருக்கு வாசித்துக் காட்டுவேன். 88ஆம் சங்கீதம் வந்த அன்று, இது வேண்டாமே என்று பக்கத்தைத் தள்ளினேன். அவரால் அப்போது பேச முடியாது. நடுங்கும் விரலால் பக்கத்தைத் தட்டினார், திருப்பு என்று. வாசித்தேன். மற்றப் புலம்பல்களெல்லாம் பெரும்பாலும் துதியில் முடியும். இது இருட்டிலேயே முடிகிறது. ஆனால் ஆரம்பிப்பது 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று. முடித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார், கண்ணீர் வழிந்தது. அன்றைக்கு நாங்கள் வேறு ஜெபம் செய்யவில்லை. அதுவே ஜெபம்தான். மறுநாளும் அதையே வாசிக்கச் சைகை காட்டினார்.

லாசரு இறந்தபோது மார்த்தாள், மரியாள் இருவரும் தனித்தனியே வந்து, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான் என்றுதான் இயேசுவிடம் சொன்னார்கள். அது புகார் இல்லாமல் வேறென்ன? இயேசு அவர்களைத் திட்டவில்லை. எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார். உங்கள் கோபத்தையும் அவரிடமே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். விலகிப்போகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை.

ஆறுதல் எப்போது வந்தது என்று கேட்டால், சிறிது சிறிதாகத்தான் வந்தது. திருவிருந்தில் ஒருமுறை என் கணவரின் கை நடுங்கி கிண்ணத்தில் இருந்ததெல்லாம் வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டது. இனி வரமாட்டேன் என்று சைகை காட்டினார். அடுத்த மாதம் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். போதகர் ஒன்றும் சொல்லாமல் அவருடைய கிண்ணத்தில் பாதி மட்டும் ஊற்றி, தன் கையை அவர் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கின. ஒரு துளி சிந்தவில்லை. அவர் சுகமாகாமலேதான் போனார். எனக்கு நான்கு வருடம் கழித்தும் இரவில் விழிப்பு வருகிறது. ஆனால் கர்த்தர் எங்களோடு இருந்தாரா என்று யாராவது கேட்டால், அந்தக் கிண்ணத்தைத்தான் சொல்வேன்.

சாட்சி நேரத்தில் வெளியே போவது தப்பில்லை. கடைசி வரிசையில் உட்காருங்கள், திருவிருந்துக்கு மட்டும் திரும்பி வாருங்கள். ஜெபிக்க முடியாத நாளில் உங்களுக்காக ஜெபிக்க, புத்திமதி சொல்லாத ஒருவரைக் கேட்டு வையுங்கள். நானும் இருக்கிறேன். அடுத்த கடிதத்தில் அம்மாவின் பெயரை எழுதுங்கள். உங்களுக்காக ஜெபிக்கும்போது, அவருக்காகப் பெயர் சொல்லி நன்றி செலுத்துகிறேன்.